ஒரு மேஜைக்கு எத்தனை வீரர்கள்?

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்கிற சிற்றூரிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். முதல் பதிப்பு 1000 பெட்டிகள்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் எழுதிய அந்த ஆட்டத்தின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. எத்தனை பேர் விளையாடலாம் என்பதற்கு அதில் ஒரு குறிப்பு உண்டு: ஒரு தொடர் ஆட்டத்தில் 4 முதல் 50 பேர் வரை சேரலாம், சுமார் 20 பேருக்கு ஒரு நடுவர் போதும்.

இன்று இதை ஆடுகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இப்போதைய சாகசக் கதைகள் நாலைந்து பேரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ‘அட்வென்சரர்ஸ் லீக்’ என்ற அதிகாரபூர்வப் பொது ஆட்டங்களில் மேஜைக்கு 3 முதல் 7 பேர்தான். எட்டாவது ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டதும் ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டரின் முகம் மாறிவிடும். ஐம்பது ஆண்டுகளில் மேஜை சுருங்கிவிட்டதா என்ன?

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாஸ்டர் காட்சியைச் சொல்வார்: இருட்டுக் குகை, உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். மந்திரவாதி, திருடன், போர்வீரன் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்தவர்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். காய்களும் வரைபடமும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். பேச்சு இல்லாவிட்டால் ஓடாது.

கூட்டம் பெருத்தால் ஆட்டம் மந்தமாகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் புகாருக்குத் தக்க அளவு மந்தம் வரவில்லை. இன்றைய விதிப்படி சண்டையில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. மேஜையில் ஆளுக்கு இரண்டு நிமிடம், அரக்கர்களுக்கு மொத்தம் நான்கு நிமிடம் என்று வையுங்கள். நாலு பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம், எட்டு பேர் என்றால் 20. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை வந்த வாய்ப்பு மூன்றாகக் குறைகிறது. கொஞ்சம் சலிப்பு வரலாம், அவ்வளவுதான். ஆனால் நடப்பது வேறு. எட்டுப் பேர் மேஜையில் இரண்டு பேர் போனைப் பார்க்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் சினிமா பேசுகிறார்கள், முறை வந்தவர் தலையைத் தூக்கி “இப்ப என்ன நடக்குது?” என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பகடை உருட்ட ஆகும் நேரத்தைவிட, பேச்சுக்குக் காத்திருக்கிற நேரம் செய்கிற சேதம் பெரிது.

பெட்டி வெளியான அதே 1974இல் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள், மனிதர்கள் எப்படி மாறி மாறிப் பேசுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பேசுகிறவர் அடுத்தவரைக் கை காட்டலாம். காட்டாவிட்டால் முதலில் வாய் திறப்பவருக்கு வாய்ப்பு. சாதாரண விதிதான், ஆனால் அதை நாம் கடைப்பிடிக்கும் வேகம் அசாதாரணம். 2009இல் வெளியான ஓர் ஆய்வு பத்து மொழிகளை ஒப்பிட்டது. கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டு பேர் இருந்தால் அந்த இடைவெளி யாருக்கு என்பதில் குழப்பமில்லை. எட்டுப் பேர் இருந்தால் அதே துளி நேரத்துக்கு ஏழு பேர் போட்டி. சுருக்கென்று பேசுபவர் ஜெயிப்பார். யோசித்துப் பேசுபவர் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, தானாகக் கூடிப் பேசும் குழுக்களை எண்ணியது. ஒரே உரையாடல் நாலு பேர் வரை தாங்குகிறது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டாக உடைகிறது. ஆக, எட்டுப் பேர் மேஜையில் சினிமா பேசியவர்கள் ஆட்டத்தை மதிக்காதவர்கள் அல்ல. மனிதப் பேச்சு எங்கே உடையுமோ அங்கே உடைந்திருக்கிறது. 2000இல் நிக்கோலஸ் ஃபேயும் சகாக்களும் ஐந்து பேர் குழுவையும் பத்து பேர் குழுவையும் ஒப்பிட்டார்கள். ஐந்து பேரில் அவரவர் தம்மோடு பேசியவர்களின் கருத்துக்குச் சாய்ந்தார்கள். பத்து பேரில் பேச்சு சொற்பொழிவாக மாறி, அதிகம் பேசியவர் பக்கம் எல்லோரும் சாய்ந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சில அலுவலகக் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன, அது கிடக்கட்டும்.

காத்திருப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஜெர்மனியில் மிஹாயேல் டீல், வோல்ஃப்காங் ஷ்ட்ரோபே இருவரும் 1987இல் ஒன்றைக் காட்டினார்கள். கூடி உட்கார்ந்து யோசனை சொல்பவர்கள், தனித்தனியாக யோசிப்பவர்களைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள். முக்கியக் காரணம், ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாமல் காத்திருப்பது. இதை மேஜைக்குக் கொண்டு வாருங்கள். மந்திரவாதியாக ஆடுபவர், மூன்று அரக்கர்கள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்து நெருப்புருண்டை வீச முடிவு செய்கிறார். அவர் முறை வருவதற்குள் இரண்டு அரக்கர்கள் நகர்ந்துவிட்டார்கள், நடுவில் நம் திருடன் புகுந்துவிட்டான். திட்டம் பாழ். மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும், அதுவும் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க. இரண்டு நிமிட முறை ஐந்து நிமிடமாகிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்காவது கையிலிருக்கும் அட்டை மாறுவதில்லை. இவருக்குக் காத்திருக்கும்போதே கணக்கு மாறிப்போகிறது. காத்திருப்பு முறையை நீட்டுகிறது, நீண்ட முறை அடுத்தவரின் காத்திருப்பைக் கூட்டுகிறது. நான் போட்ட எளிய கணக்கு தப்பாவது இங்கேதான்.

அப்படியானால் 1970களில் கைகாக்ஸ் தன் வீட்டு நிலவறையில் சில இரவுகள் இருபது பேர் வரை வைத்துக்கொண்டு எப்படி ஆடினார்? முதலாவதாக, ராப் குன்ட்ஸ் என்ற இளைஞரை இரண்டாவது மாஸ்டராகச் சேர்த்துக்கொண்டார். அடுத்தது அந்தக் கால வழக்கம். ஆட்டக்காரர்களில் ஒருவர் ‘காலர்’. மற்றவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள், காலர் மட்டும் மாஸ்டரிடம் சொல்வார். இன்னொருவர் வரைபடம் போடுவார். சண்டையில் யார் முந்துவது என்பதற்கு ஆளாளுக்குப் பகடை கிடையாது. இந்தத் தரப்புக்கு ஒன்று, அந்தத் தரப்புக்கு ஒன்று. மேஜையில் இருபது பேர் இருந்தாலும் மாஸ்டரின் காதில் விழுவது ஒரு குரல்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஆளுக்கொரு ‘இனிஷியேட்டிவ்’ பகடையை அடிப்படை விதியாக்கியது. காலர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு சோகம், ஆளுக்கொரு முறை என்று ஆட்டம் மாறியது. இதை நான் சீரழிவு என்று சொல்ல மாட்டேன். காலர் பேச, பின்வரிசையில் ஈட்டி பிடித்து நிற்கும் பதினாறாவது ஆளாக இருக்க யாருக்கு ஆசை? ஆனால் வாய்கள் பெருகியதற்கு விலை, நாற்காலிகள் குறைந்ததுதான்.

கூட்டம் அரக்கர்களையும் படுத்துகிறது. எட்டுப் பேர் எட்டு அடி கொடுக்கும் சுற்றில் ஒற்றை டிராகனுக்கு ஒரு முறைதான் என்றால் பாவம் அது. பிரிட்டிஷ் பொறியாளர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1916இல் போர்களைப் பற்றிச் சொன்ன கணக்கில், குறிவைத்து அடிக்கும் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கமாகக் கூடும். ஆள் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. பெரிய டிராகன் தன் முறைக்கு வெளியேயும், மற்றவர்களின் முறை முடிகிற இடங்களில், சுற்றுக்கு மூன்று தடவை கூடுதலாகச் செயல்படலாம். எட்டுப் பேரில் போனைப் பார்ப்பவருக்கும் இது நல்ல மருந்து. எப்போது வால் சுழலும் என்று தெரியாதே.

முறை வரப்போகிறவரை முன்கூட்டியே உஷார்படுத்துவது, தாக்கும் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்டச் சொல்வது, முறைவரிசைப்படி உட்கார வைப்பது எல்லாம் மாஸ்டர்களின் கைவைத்தியங்கள். பலன் உண்டு. ஆனால் எல்லாப் பேச்சும் மாஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்கிற ஏற்பாட்டை அவை தொடவில்லை.

அந்த ஏற்பாட்டை 1969இலேயே தற்செயலாக உடைத்தவர் டேவிட் வெஸ்லி. மினசோட்டாவில் நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றை ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனை ஊரில் நடத்தினார். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர், இருபது பேர் அளவில், வந்துவிட்டார்கள். படைத்தலைவர் பதவி எல்லோருக்கும் இல்லை என்பதால் மேயர், வங்கிக்காரர் என்று ஊர்க்காரர் வேடங்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு அழைத்துப் பேசினார். வெளியே இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? தங்களுக்குள் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டைக்கே சவால் விட்டுக்கொண்டார்கள், அதற்கு விதியே எழுதியிருக்கவில்லை. ஆட்டம் கையை மீறிவிட்டது, தோல்வி என்று வெஸ்லி வீடு திரும்பினார். வந்தவர்களோ இன்னொரு முறை எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் ஆடியவர்தான் டேவ் ஆர்னெசன். அதிலிருந்து அவர் உருவாக்கிய ‘பிளாக்மூர்’தான் லேக் ஜெனீவா பெட்டிக்கு விதை.

பென் ராபின்ஸ் என்ற வடிவமைப்பாளரின் ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ வேறொரு வழி. 10 முதல் 14 பேர் கொண்ட ஆட்டம் அது. நிரந்தர அணி கிடையாது, நிரந்தர நாள் கிடையாது. யார், என்றைக்கு, எந்தக் காட்டுக்குள் போவது என்பதை ஆட்டக்காரர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டு மாஸ்டரிடம் நாள் கேட்க வேண்டும். ஒரு மேஜையில் சிலர்தான். போய் வந்தவர்கள் மற்றவர்களுக்குக் கதை எழுதி அனுப்புவார்கள். கதைக்குள் இருந்த ஒரு மதுக்கடையில், மேஜைப் பலகையில் யாரோ கத்தியால் கீறிய வரைபடம் ஒன்று உண்டு. புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும் எல்லோரும் அதில்தான் சேர்த்தார்கள். அதை வரைவதும் ஆட்டக்காரர்கள் வேலை, மாஸ்டருடையது அல்ல.