வழங்கிப் பயன்பாட்டைக் காலவரிசையில் காட்டும் வெப்ப வரைபடம்: புதுச்சேரிச் சுவடி மின்னகங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வுத் தரவுகள் இன்று மின்னகங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் தாங்கும் வழங்கியின் (சர்வர்) பயன்பாட்டைக் காலவரிசையில் காட்டும் கருவிகளுள் ஒன்று வெப்ப வரைபடம். அதன் அமைப்பையும், சராசரி மதிப்பு மறைப்பதை அது வெளிக்கொணரும் முறையையும், இந்திய நேரத்தின் அரைமணி வேறுபாட்டால் எழும் பிழையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வழங்கி, வெப்ப வரைபடம், மின்னகம், சுவடிகள், புதுச்சேரி.

முன்னுரை

புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளின் பெருந்தொகுப்பைக் கொண்டது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலைச்சுவடிகள் மின்னுருப் பெற்று இணையத்திற்கு வரும்போது அவற்றைப் படிப்போர் ஒரே ஊரில் இருப்பதில்லை. பாரிசு, டொராண்டோ, சிங்கப்பூர் முதலிய நகரங்களிலிருந்தும் அவற்றைத் திறக்கின்றனர். ஆகவே, வழங்கியை எப்போது நிறுத்திப் பராமரிப்பது என்பது ஆய்வாளரின் பணியை நேரடியாகத் தொடும் வினாவாகிறது.

வரைபடத்தின் அமைப்பும் வரலாறும்

வெப்ப வரைபடம் என்பது எண்களின் அட்டவணையை நிறச்செறிவாக மாற்றிக் காட்டுவது. கிடைஅச்சில் நாள்களையும் செங்குத்து அச்சில் நாளின் பொழுதுகளையும் அமைத்தால், ஒவ்வொரு கட்டமும் ஒரு பொழுதின் பயன்பாட்டைக் குறிக்கும். அரைமணிக்கு ஒரு கட்டம் எனக் கொண்டால் ஓர் ஆண்டிற்கு 17,520 கட்டங்கள் கிடைக்கும். இவற்றைக் கோட்டு வரைபடமாக வரைந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிவிடும். வெப்ப வரைபடமோ இவற்றை ஒரே பக்கத்தில் தெளிவாகத் தருகிறது.

இம்முறை கணினிக்கு முந்தையது. துசேன் லூவா என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் 1873-இல் பாரிசு நகரின் 20 வட்டாரங்களின் மக்கள்தொகைச் செய்திகளை நிறமிட்ட அட்டவணையாகத் தொகுத்தளித்தார். கணினி அமைப்புகளின் தாமதத்தை ஆராய இதைப் பயன்படுத்தும் முறையைப் பிரெண்டன் கிரெக் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

சராசரி மறைப்பவை

எட்டுச் செயலிகள் கொண்ட வழங்கி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு செயலி 100 விழுக்காடு இயங்க, ஏனைய ஏழும் ஓய்ந்திருந்தால் சராசரி 12.5 விழுக்காடு ஆகும். இவ்வெண்ணைக் காண்பவர் வழங்கி ஓய்வாக உள்ளது எனக் கருதுவார். அந்த ஒரு செயலியை நம்பிய பயனரோ சுவடிப் படம் திறக்காமல் காத்திருப்பார்.

காலத்திற்கும் இது பொருந்தும். ஒரு மணிநேரத்தில் 6 நிமிடம் முழுச்சுமையும், எஞ்சிய 54 நிமிடம் 10 விழுக்காடும் நிலவினால் சராசரி 19 விழுக்காடே. இக்குறையை நீக்க, செங்குத்து அச்சில் 0 முதல் 100 வரையிலான பயன்பாட்டு அளவையும், கிடைஅச்சில் காலத்தையும், நிறத்தில் அவ்வளவில் இயங்கும் செயலிகளின் எண்ணிக்கையையும் வைக்கலாம். அப்போது தனித்து உழைக்கும் ஒரு செயலி மேல்விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரியும்.

அரைமணி வேறுபாடு

வழங்கியின் பதிவுக்கோப்புகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே, உலக நேரத்தில் 4 முதல் 5 மணி வரை தொகுத்த ஒரு கட்டம், புதுச்சேரியில் காலை 9.30 முதல் 10.30 வரையிலான பொழுதாகும். தொகுத்தபின் மணிகளின் பெயரை மட்டும் மாற்றினால் பிழை நீங்காது. முதலில் நேரத்தை மாற்றிப் பின்னர்த் தொகுத்தல் வேண்டும். அன்றேல் அரைமணிக் கட்டங்களைக் கொள்ளுதல் வேண்டும்.

பிரான்சில் கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ளது. பாரிசில் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் புதுச்சேரியின் பிற்பகல் 1.30, கோடையில் 12.30. ஆதலால் ஐரோப்பியப் பயனரால் உருவாகும் செறிந்த பட்டை மார்ச்சு இறுதியில் ஒரு மணி முன்னோக்கி நகரும். அக்டோபர் இறுதியில் பழைய இடத்திற்குத் திரும்பும். உள்ளூர்ப் பயனரின் பட்டை நகராது. இந்நகர்வு, தனியர் எவரையும் அடையாளம் காணாமலே பயனரின் நிலப்பகுதியை ஊகிக்க உதவுகிறது. எனினும் தேடுபொறிகளின் தானியங்கி வருகைகளைப் பிரித்தெடுத்த பின்னரே இவ்வூகம் வலுப்பெறும்.

பராமரிப்பு நேரத்தைத் தேர்வதிலும் இது பயன்படும். புதுச்சேரியில் நள்ளிரவு கடந்து 2 மணி என்பது கோடையில் பாரிசில் முந்தைய நாள் இரவு 10.30, டொராண்டோவில் மாலை 4.30. உள்ளூரில் ஊர் உறங்கும் வேளை, புலம்பெயர் தமிழர் நூலைத் திறக்கும் வேளையாகலாம்.

நிறத்தேர்வு

வானவில் நிறவரிசை இல்லாத எல்லைகளை இருப்பதாகக் காட்டும். சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர இயலாதோருக்கும் அது பயன்படாது. ஒளிர்வு சீராக மாறும் விரிடிஸ் போன்ற நிறவரிசை ஏற்றது. தரவு பதிவாகாத பொழுதைச் சுழியத்தின் நிறத்தால் காட்டாமல், தனிநிறத்தால் காட்டுவது இன்றியமையாதது. வழங்கி நின்றிருந்ததும் பயனர் வராததும் ஒன்றல்ல.

முடிவுரை

வெப்ப வரைபடம் சராசரி மறைக்கும் நெருக்கடியையும் பயனரின் காலப்போக்கையும் ஒருங்கே காட்டுகிறது. நேரமாற்றம், கட்டத்தின் அளவு, நிறவரிசை ஆகிய மூன்றும் பிழையின்றி அமையும்போதே அது சான்றாகும். தமிழ் மின்னகங்களை நடத்துவோர் பராமரிப்பு நேரத்தை வழக்கத்தால் முடிவு செய்யாமல், இத்தகைய வரைபடத்தைக் கண்டு முடிவு செய்வது தொலைவிலுள்ள வாசகருக்கும் நூலகக் கதவைத் திறந்து வைப்பதாகும்.