அடியால் இறுகும், அழலால் நெகிழும்

பொன்னைத் தட்டத் தட்ட அது மெலிந்து விரியும் என்பது யாவரும் அறிந்ததே. தட்டத் தட்ட அது இறுகி, மேலும் விரிய மறுக்கும் என்பதை அறிந்தோர் சிலரே. கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் ஒளியைக் கண்டு வியப்போர், ஒடுங்கிய பட்டறைகளில் அமர்ந்து அந்நகைகளை ஆக்கும் பத்தர்களைக் காண்பது அரிது. காண்பாராயின், தகடு ஆக்குந் தொழிலிற் சுத்தியலுக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு தீக்கும் உண்டு என்பதை உணர்வர். இதனை இலக்கிய அன்பர்களுக்கு எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது முடிவிற் புலப்படும்.

பத்தர் செய்யும் வினையை முதலில் நோக்குவோம். மூசையில் உருக்கி வார்த்த பொற்கட்டியை அவர் அடைகல்லில் வைத்து அடிக்கின்றார். இக்காலத்தில் உருளைப் பொறியில் இட்டு நெரிப்பாரும் உளர். கட்டி சிறிது விரிந்ததும் அடிப்பதை நிறுத்தித் தணலில் இட்டு ஊதுகின்றார். மங்கிய செந்நிறம் தோன்றியதும் வெளியே எடுத்து ஆற்றி, மீண்டும் அடிக்கின்றார். அடியும் தீயும் இவ்வாறு மாறி மாறி வரத் தகடு மெல்லிதாகின்றது. அவசரத்தால் இடையில் தீயைத் தவிர்த்தாரானால் தகட்டின் விளிம்பு வெடித்துவிடும்.

இதன் காரணத்தை இன்றைய விஞ்ஞானம் தெளிவாக விளக்குகின்றது. உலோகம் என்பது எண்ணற்ற நுண்பளிங்குகளின் கூட்டம். அடி விழும்போது பளிங்குகளுள் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அவ்வழுக்கலாலேயே தகடு விரிகின்றது. வழுக்கலுக்கு வாயிலாய் அமைந்த நுண்பிழைகள் அடிதோறும் பெருகி, ஒன்றோடொன்று சிக்குண்டு, மேலும் நகர இடமின்றி நிற்கும். உலோகம் இறுகுவது இதனாலேதான். தீயில் இடும்போது பழைய பளிங்குகளின் இடத்திற் சிக்கற்ற புதிய பளிங்குகள் முளைக்கின்றன. இதற்கு உலோகம் உருக வேண்டுவதில்லை. செம்பு உருகுவது 1085 பாகை செல்சியசில். ஆயின் அடியுண்ட செம்பு 400 முதல் 650 வரையான பாகையிலேயே மென்மை பெற்றுவிடும். வெப்பம் மிகுந்தாலோ புதிய பளிங்குகள் பருத்துவிடும். பின்னர்த் தகட்டை வளைக்கும்போது அதன் மேனி தோடம்பழத் தோல்போற் சொரசொரக்கும்.

குறைந்தால் வெடிப்பு, மிகுந்தாற் சொரசொரப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையையே நம்மவர் 'பதம்' என்றனர். சோற்றுக்கும் பாகுக்கும் வழங்கும் அதே சொல் உலைக்களத்திலும் வழங்குதல் காண்க. மங்கிய செந்நிறம் வெயிலிற் புலப்படாது. ஆதலால் நிழலிருந்தே அதனைக் காணுதல் வேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் பத்தரின் கண்ணே வெப்பமானி.

காய்ந்த உலோகத்தை நீரில் தோய்த்தால் என்னாகும்? புறநானூற்று 21ஆம் பாட்டிலே, பகைவர் கவர்ந்த கானப்பேரெயிலை மீட்டல் அரிது என்பதற்கு, கொல்லன் காய்ச்சிய இரும்பு உண்ட நீரை உவமையாக்கினார் ஐயூர் மூலங்கிழார். தோய்க்குந் தொழில் அத்துணைப் பழையது. ஆனால் அதன் பயன் எல்லா உலோகத்துக்கும் ஒன்றன்று. காபன் போதிய அளவு கலந்த உருக்கு, தோய்த்தாற் கடினமுறும். செம்பு, தோய்த்தாலும் தானே ஆறவிட்டாலும் மென்மையே பெறும். வெள்ளீயம் மிகுந்த வெண்கலமோ, மெல்ல ஆறவிட்டால் நொறுங்குந் தன்மை அடையும். செந்தணற் பதத்திலே தோய்த்தால் முறியாத உறுதி பெறும்.

இந்நுட்பத்தைத் தென்னாட்டுக் கன்னார் பண்டே அறிந்திருந்தனர். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்த ஆதிச்சநல்லூரிலும், நீலகிரிக் கற்குவைகளிலும் மிக மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்தன. அவ்வகைக் கிண்ணங்களுட் பல, நூற்றுக்கு ஏறத்தாழ 23 வீதம் வெள்ளீயம் கலந்து, சூட்டிலேயே அடித்து விரித்து, பின் நீரில் தோய்க்கப்பட்டவை என்பதைச் சாரதா சீனிவாசன் முதலிய ஆய்வாளர் நிறுவியுள்ளனர். குளிர்ந்த நிலையில் அடித்திருந்தால் அவை முதல் அடியிலேயே சிதறியிருக்கும்.

தீயின் கடமை தகடு உருப்பெற்றதும் முடிந்துவிடுவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியப் படையினரின் பித்தளைத் தோட்டாக் கூடுகள், மழைக்காலங்களில் யாரும் தொடாமலே வெடிப்புற்றன. 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த தகட்டைப் படிப்படியாக இழுத்து ஆக்கிய கூடுகள் அவை. குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அமோனியாவும் மழைக்கால ஈரமும், இழுப்பினால் உலோகத்துள் ஒடுங்கிக் கிடந்த இறுக்கமும் சேர்ந்தே அவற்றைப் பிளந்தன என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் விளக்கினர். மருந்தும் தீயே: கூட்டின் கடினம் கெடாதவாறு, ஏறத்தாழ 250 முதல் 300 வரையான பாகையில் இளஞ்சூடு ஏற்றி அவ்விறுக்கத்தைத் தணித்தல்.

இனி, முன்னர்க் குறித்த காரணத்துக்கு வருவோம். மென்மையாக்கக் காய்ச்சி ஆற்றுதல் ஒரு வினை. காய்ந்ததை நீரில் தோய்த்தல் வேறொரு வினை. இளஞ்சூட்டால் உள்ளிறுக்கம் தணித்தல் மற்றொரு வினை. இவற்றை எல்லாம் 'பதப்படுத்தல்' என்னும் ஒரே சொல்லால் எழுதிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. 'வெப்பப் பரிகரிப்பு' என்னும் பொதுத்தொடரை மனனஞ் செய்த மாணவன், உருக்கைக் கடினமாக்கும் தோய்ச்சலே செம்பையும் கடினமாக்கும் என்று எழுதினால், பிழை அவனுடையது மாத்திரம் அன்று. பொருளை வேறுபடுத்தாத சொல் அறிவையும் வேறுபடுத்தாது.

புதுச்சொல் தேடி வடமொழிக்கோ ஆங்கிலத்துக்கோ ஓட வேண்டியதில்லை. 'காய்ச்சி ஆற்றல்', 'தோய்ச்சல்', 'தணித்தல்' என மூன்று சொற்கள் தமிழிலேயே உள. துயருற்றாரைத் தேற்றுவதையும் 'ஆற்றுதல்' என்றே சொல்கின்றோம். அடியுண்டு இறுகிய உலோகத்தை நெகிழ்விக்கும் வினைக்கு இதனினும் பொருத்தமான சொல் யாது?

இன்னும் எத்தனையோ சொற்கள் ஏடேறாமற் பட்டறைகளில் வழங்குகின்றன. பொறிகள் பெருகப் பெருக, கையாற் தகடு தட்டுவோர் குறைகின்றனர். அவரோடு அவர்தஞ் சொல்லும் மறையும். கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெரு நடைதூரம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் பயணம். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடி, மாணவரை ஏட்டுடன் அங்கு அழைத்துச் செல்லலாம். ஒருவர் தீயின் நிறத்தைக் காட்ட, மற்றவர் பத்தரின் வாய்ச்சொல்லைக் குறிப்பிக்கட்டும். இவ்வாறு சேரும் சிறு தொகுதி ஒன்று, கலைச்சொல் ஆக்குவோர் பலரின் உழைப்பை மிச்சப்படுத்தும்.