ஆண் குழந்தைக்கு சிறுநீர்த் துளை இடம் மாறியிருக்கா? விதைப்பையையும் பார்க்கச் சொல்லுங்க!

டயப்பர் மாற்றும்போதுதான் பல பெற்றோர் கவனிக்கிறார்கள். சிறுநீர் நுனியிலிருந்து வராமல், ஆணுறுப்பின் அடிப்பக்கத்திலிருந்து வருகிறது. இதன் பெயர் ஹைப்போஸ்பேடியாஸ். அரிதான விஷயமில்லை, சுமார் 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். உறுப்பு கீழ்நோக்கி வளைந்திருப்பதும், முன்தோல் மேல்பக்கம் மட்டும் குல்லா மாதிரி நிற்பதும் இதனுடன் சேர்ந்தே வரலாம்.

துளை நுனிக்குப் பக்கத்தில் இருந்து, விதைகள் இரண்டும் பையில் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் ஆபரேஷன் செய்வார்கள். அதற்கு முன் சுன்னத்து மட்டும் செய்துவிடாதீர்கள். சரிசெய்ய அந்த முன்தோல் தேவைப்படலாம்.

விதை பையில் இல்லையென்றால் கதை வேறு. கருவில் சிறுநீர்க் குழாய் நுனிவரை மூடுவதற்கும், விதை கீழே இறங்குவதற்கும் ஆண் ஹார்மோன் வேண்டும். இரண்டிலும் குறை என்றால், சிக்கல் ஹார்மோனிலோ குரோமோசோமிலோ இருக்கலாம். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது அதனால்தான்.

ஒரு விதை மட்டும் இறங்கவில்லையா? 6 மாதம் வரை பார்க்கலாம். பிறகும் வரவில்லையென்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் போயே ஆகணும். "வளர வளர சரியாகிடும்"னு பாட்டி சொல்வது அதன்பிறகு அநேகமாக நடக்காது. தள்ளிப்போட்டால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். விதைப் புற்றுநோய் அபாயமும் கூடும். கூடவே குடலிறக்கமும் இருக்கலாம். தொடை இடுக்கில் வீக்கம் கெட்டியாகி, குழந்தை வாந்தியும் எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டு விதையுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் 6 மாதக் கணக்கெல்லாம் கிடையாது, டிஸ்சார்ஜுக்கு முன்பே பரிசோதிக்க வேண்டும். பார்க்க ஆண் குழந்தையாகத் தெரிந்தாலும், குரோமோசோம்படி பெண்ணாக இருக்கலாம். அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை இருந்தால், அது ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து தோற்றத்தையே மாற்றிவிடும். ஆனால் உயிருக்கு ஆபத்து தோற்றத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. இந்தக் குறையின் கடுமையான வகையில், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோன் சுரக்காது. பிறந்த முதல் சில வாரங்களிலேயே வாந்தி, பால் குடிக்காமை, எடை குறைவு என ஆரம்பித்து, குழந்தை சட்டென்று சுருண்டுவிடும். சாதாரண வயிற்றுக்கோளாறு என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்தால் உயிரே போகலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையின் பெயர் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன். சரியான நேரத்தில் தெரிந்துவிட்டால் தினமும் மாத்திரை கொடுத்து சமாளிக்கலாம். மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லும் அளவுக்கு டோஸைக் கூட்டவும் வேண்டும்.