உள்ளத்தைத் தளர்த்தும் ஆங்கிலச் சொற்கள்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் பலருக்கு, வீட்டிலே தமிழ், வீதியிலே அவ்வூர் மொழி, எழுத்திலே ஆங்கிலம் என்று மும்மொழி வழக்கம் அமைந்துவிடுகிறது. மேலதிகாரிக்கு முறையீடு எழுதவும், பிள்ளையின் ஆசிரியருக்குக் கடிதம் விடுக்கவும் ஆங்கிலமே பெரும்பாலும் துணையாகிறது. அத்தகைய கடிதங்களில், உள்ளத்தைத் தளர்த்தியது எதுவாயினும் அதற்கு 'டிஸ்கரேஜ்' என்னும் ஒரே சொல்லை இட்டுவிடுவோர் பலர். ஆங்கிலத்திலோ இதற்குச் சொற்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையைக் குறிப்பது. அவற்றுள் ஐந்தினை இங்கே ஆராய்வோம்.

முதலாவது, 'டிஸ்கரேஜ்' என்பதே. லத்தீன் மொழியில் 'கோர்' என்றால் இதயம். அதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக வந்தது, துணிவைக் குறிக்கும் 'கரேஜ்' என்னும் சொல். அதன் முன் 'டிஸ்' என்னும் நீக்கற் பொருள் தரும் ஒட்டு சேரவே, நெஞ்சத்தினின்று துணிவை அகற்றுதல் என்று பொருளாயிற்று. 'டிஸ்ஹார்ட்டன்' என்பது இதே கருத்தை ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாகிய 'ஹார்ட்' கொண்டு கூறுவது. நெஞ்சுரம் என்று துணிவை நெஞ்சிலே வைத்துப் பேசும் தமிழருக்கு இது புதிதன்று. அலுவலக அறிவிப்புகளில் இச்சொல் மற்றொரு வேடமும் பூணும். ஒரு செயல் 'டிஸ்கரேஜ்' செய்யப்படுகிறது என்று அறிவிப்பில் கண்டால், அது முற்றிலும் விலக்கப்பட்டது என்பதன்று. செய்யாதிருப்பதையே நிருவாகம் விரும்புகிறது என்பதே கருத்து.

இரண்டாவது, 'டாண்ட்'. பழக்கி அடக்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து தோன்றியது இது. கடிவாளத்துக்குப் பணிந்த குதிரையை நினைவிற் கொண்டால் சொல்லின் பொருள் விளங்கும். இன்று இது பெரும்பாலும் வேலையின் அளவையோ கடுமையையோ கண்டு மலைத்து நிற்பதைக் குறிக்கிறது. 'அன்டாண்டட்' என்பது எதற்கும் மலையாத உறுதியைப் புகழும் சொல்.

மூன்றாவது, 'டிட்டர்'. அச்சுறுத்தி அப்பால் விலக்குதல் என்பது இதன் மூலப்பொருள். 'டெரர்' என்னும் சொல்லும் இதே வேரினின்று கிளைத்ததே. ஊக்கம் இழந்தவனுக்கு ஆசையே குன்றிவிடும். 'டிட்டர்' செய்யப்பட்டவனுக்கோ ஆசை அப்படியே இருக்கும். விளையப்போகும் துன்பத்தை எண்ணி அவன் பின்வாங்குகிறான். எனவேதான் சட்டத் துறையில், பிறர் அஞ்சி விலகும்படி விதிக்கப்படும் தண்டனைக்கு 'டிட்டரெண்ட்' என்னும் அடைமொழி வழங்குகிறது. இத்தாலிய அறிஞர் பெக்காரியா, குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி 1764ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தண்டனையின் கொடுமையைக் காட்டிலும் அது தப்பாது வரும் என்னும் உறுதியே மக்களைக் குற்றத்தினின்று விலக்கும் என்று வாதிட்டார்.

நான்காவது, 'டிஸ்மே'. ஆற்றல் உடைமையைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேர் ஒன்று இதனுள் மறைந்திருக்கிறது. வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்னும் சொல்லும் அவ்வேரினதே. ஆதலின், ஆற்றல் அற்றுப்போய்த் திகைத்து நிற்றல் என்பது இதன் உட்பொருள். தமிழில் 'கையறுதல்' என்று சொல்லும்போது நம் முன்னோர் கருதியதும் ஏறக்குறைய இந்நிலையே.

ஐந்தாவது, யாவரும் நாள்தோறும் வழங்கும் 'வொரி'. பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் கழுத்தை நெரித்தல் என்பது. பின்னர், நாய் ஆட்டின் தொண்டையைக் கவ்விக் குதறுவதற்கு இச்சொல் வழங்கிற்று. கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்கும்பொருட்டுப் பிரிட்டனில் 1953இல் இயற்றப்பட்ட சட்டத்திலும் இப்பொருளிலேயே அது ஆளப்பட்டுள்ளது. மனத்தை அரிக்கும் எண்ணம் என்னும் பொருள் பெருவழக்காகியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். நம் 'கவலை' என்னும் சொல்லுக்கோ, வழிகள் பல கூடிப் பிரியும் இடம் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. ஆங்கிலச் சொல் மூச்சு முட்டுவதைக் காட்ட, தமிழ்ச் சொல் எவ்வழிச் செல்வது என்று அறியாது நிற்பதை நினைவூட்டுகிறது.

இவ்வேறுபாடுகளால் நடைமுறையில் விளையும் பயன் யாது? ஒருவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க முற்படுகிறார். மேலதிகாரி ஆர்வமின்றிப் பேசி அனுப்பிவிடுகிறார். இது 'டிஸ்கரேஜ்'. விண்ணப்பித்தால் தொலைதூரத்துக்கு மாற்றிவிடுவேன் என்று அவர் மிரட்டினால், அது 'டிட்டர்'. முறையீட்டிலே மெலிந்த சொல்லை இட்டால் உண்மைக் குறை சிறிதாகத் தோன்றும். வலிய சொல்லை இட்டால் மெய்ப்பிக்க இயலாத குற்றச்சாட்டாக முடியும். வாக்கிய அமைப்பிலும் ஒரு விழிப்பு வேண்டும். 'எங்கரேஜ்' என்பதன் பின் 'டு' வரும். 'டிஸ்கரேஜ்', 'டிட்டர்' ஆகியவற்றின் பின் 'ஃப்ரம்' என்பதும், அதையடுத்து 'இங்' என முடியும் வினையும் வருதல் வேண்டும்.

வீட்டிலும் இவ்வேறுபாடு உதவும். புதிய ஊரில், புதிய மொழி வழங்கும் பள்ளியில் சேர்ந்த பிள்ளை வாடிய முகத்துடன் திரும்பினால், அதன் நிலை இவற்றுள் எது என்று முதலில் கேட்டறிவோம். பாடத்தின் அளவைக் கண்டு மலைத்திருந்தால், அதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். எவரேனும் அச்சுறுத்தியிருந்தால், ஆறுதல் மட்டும் போதாது. ஆசிரியரைக் காண வேண்டும். எள்ளி நகைத்ததனால் நெஞ்சு தளர்ந்திருந்தால், அருகில் அமர்ந்து பேசும் பேச்சே மருந்தாகும். அதன்பின் ஆசிரியருக்கு எழுத நேர்ந்தால், கடிதத்தில் இடவேண்டிய ஆங்கிலச் சொல் எது என்பதும் தெளிவாகிவிடும்.