ஷால் பின், கலர் கயிறு

திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், 16 வயசில் வீட்டை விட்டு திருவண்ணாமலை போய், வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டார். ஊர் அவரை ரமண மகரிஷி என்று கும்பிட்டது. அதே திருச்சுழியில் இன்னைக்கு 16 வயசுப் பொண்ணு ஷாலுக்குப் பின் குத்தாம பிரேயருக்கு வந்தா என்ன பேச்சு கேட்கணும்னு யோசித்துப் பாருங்கள்.

அருப்புக்கோட்டை வெக்கையில் சுடிதார், அதுக்கு மேல ஓவர்கோட், ரெட்டை ஜடை, ரிப்பன். ஏன்னு கேட்டா, "பசங்க கவனம் சிதறும்." பையனுக்கும் விதி உண்டு, முடியை ஒட்ட வெட்டு, டைட் பேன்ட் போடாதே. ஆனால் அது அவன் ஒழுங்குக்கான விதி. அவளுக்கு இருப்பதும் அவன் ஒழுங்குக்கான விதிதான்!

பையனிடம் நிஜமாகப் பார்க்க வேண்டியது மணிக்கட்டை. தென்மாவட்டங்களில் கலர் கயிறு என்றால் சாதி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாம் வேண்டாம் என்றது. உடனே நெற்றிக்குறிக்குத்தான் எதிர்ப்பு கிளம்பியது. ஓவர்கோட்டுக்காக யாரும் அப்படிக் கிளம்பவில்லை.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷம் 4 செட் சீருடை இலவசம், எட்டாம் வகுப்பு வரைதான். துப்பட்டாவும் ஓவர்கோட்டும் கட்டாயமாகிற வயசில் துணிக்காசு வீட்டுத் தலையில்.