பிக்னிக் போன பசங்க!

நாலு நண்பர்கள் சேர்ந்து பிக்னிக் போனால் என்ன நடக்கும்? புளியோதரை, அரட்டை, கொஞ்சம் கிரிக்கெட். திரும்பி வரும்போது வேன் வாடகையைப் பங்கு போடுவதில் ஒரு சண்டை. ‘அடுத்த மாசமும் கண்டிப்பா வர்றோம்டா’ என்று ஒரு சத்தியம். அப்புறம்? அடுத்த வருஷம்தான்!

1950-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஹெஸ்டன் என்கிற சின்ன ஊரிலும் ஒரு பிக்னிக் நடந்தது. போனவர்கள், மென்னோனைட் சர்ச்சுகளின் ஞாயிறு வகுப்பு இளைஞர்கள். அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே... அது இன்னும் ஊர் ஊராகப் போய் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது!

மென்னோனைட்டா, அது யாருங்க?

மென்னோ சைமன்ஸ் என்று ஒரு டச்சுப் பாதிரியார். 1536-ல் கத்தோலிக்க சபையை விட்டு வெளியே வந்தார். அவர் பெயரால் வந்த கூட்டம் இது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த பிறகு அவரவர் விரும்பித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கொள்கை, யாரையும் அடிக்கக் கூடாது, ஆயுதம் எடுக்கக் கூடாது. இதற்காகவே நாடு நாடாக ஓட நேர்ந்தது. ருஷ்யாவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் 1874-ல் கான்சாஸுக்கு வந்து கோதுமை விதைத்தார்கள்.

உடனே குதிரை வண்டியையும் தொப்பியையும் கற்பனை பண்ணாதீங்க. அது பழைய கட்டுப்பாடுகளை விடாத சில பிரிவினர் மட்டும். மற்றவர்கள் கார் ஓட்டி, ஆபீஸ் போய், நம்மைப் போலவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்குகிறவர்கள்தான்.

அந்த ஞாயிறு சுவாரஸ்யமானது. சர்ச்சில் நாலு குரலில் பிரித்துப் பாடுவார்கள். பல இடங்களில் வாத்தியமே கிடையாது. முடிந்ததும், ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டு வந்ததை மேஜையில் பரப்பிக் கூட்டுச் சாப்பாடு. ருஷ்யாவிலிருந்து வந்த குடும்பங்களில் சாயங்காலம் ‘ஃபாஸ்பா’ என்று ஒரு டிபன். ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த மாதிரி ரெட்டை பன், ஜாம், காபி. பன்னை சனிக்கிழமையே சுட்டு வைத்துவிடுவார்கள். ஏன்னா, சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நிற்பார்!

புதுசாக ஒருத்தர் வந்தால் விசாரணை ஆரம்பம். ‘நீ ஃப்ரீசனா, யோடரா? உங்கம்மா எந்த ஊர்?’ ஐந்தாவது கேள்விக்குள் ஏதாவது ஒரு சொந்தம் கிடைத்துவிடும். இதற்கு அவர்களே ‘மென்னோனைட் கேம்’ என்று பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள். நம்ம கல்யாண வீட்டுப் பெரியப்பாக்கள் பெயர் வைக்காமலே ஆடுகிற ஆட்டம்!

சீட்டுக்கட்டு பல வீடுகளில் கூடாது. அதனால் ராஜா, ராணி படமில்லாத ‘ரூக்’ சீட்டு வந்தது. கனடாப் பக்கம் ‘க்ரோக்கினோல்’. நம்ம கேரம் போர்டை வட்டமாக வெட்டியது போல இருக்கும். விரலால் சுண்டுகிற வித்தை அதேதான்.

இவ்வளவு ஜாலியான பசங்களுக்கு ஒரு வலியும் இருந்தது.

முதல் உலகப் போரில் ‘சுட மாட்டோம்’ என்று இவர்கள் சொன்னதும், கோழைகள் என்று ஏசி, கான்சாஸில் சர்ச்சுகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாம் போரில் அரசாங்கம் மாற்று வேலை கொடுத்தது. மென்னோனைட்டுகள் உட்பட 12,000 பேர் மரம் நட்டார்கள், காட்டுத் தீ அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் குளிப்பாட்டினார்கள். சம்பளம் கிடையாது!

போர் முடிந்தது. வேலையும் முடிந்தது. ‘சண்டைக்குப் போகமாட்டேன்னு சொன்னோம். சரி, அமைதிக் காலத்துல என்ன செய்யப் போறோம்?’ இந்தக் கேள்விதான் ஹெஸ்டன் பிக்னிக்கில் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. ‘பக்கத்தில் யாருக்கு ஆபத்து வந்தாலும் ஓடுவோம்’ என்று முடிவானது. விச்சிட்டா நகரத்தில் வெள்ளம் வந்தபோது மணல் மூட்டை தூக்கினார்கள். அதுதான் ‘மென்னோனைட் டிஸாஸ்டர் சர்வீஸ்’ ஆக வளர்ந்தது. 2005-ல் கத்ரீனா புயல் வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இவர்கள் சுத்தியலோடு போய் நின்றார்கள்.

இன்றைக்கும் லீவு போட்டுவிட்டு, சிலர் குடும்பத்தோடு, வருகிறார்கள். ஆணி அடிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லித் தருகிறார். பகலெல்லாம் கூரை வேலை, ராத்திரி ஒரே மேஜையில் சாப்பாடு. முன்பின் தெரியாதவர்கள் ஒரு வாரத்தில் நண்பர்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறவன் சிநேகிதன்தான். சேர்ந்து வியர்வை சிந்தியவனை மறக்கவே முடியாது.

நம்ம செட்டிலும் அடுத்த பிக்னிக்குக்குப் பேச்சு நடக்கிறதா? போங்க, நல்லா சாப்பிடுங்க, ஆடுங்க. பந்து தொலைந்துபோன அந்த அரைமணி நேரத்தில் மட்டும், ‘நாம எல்லாரும் சேர்ந்தா என்னடா செய்யலாம்?’ என்று யாராவது ஒருத்தர் கேட்டுப் பாருங்க.

வேன் வாடகைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!