தறிக்குழியும் தரையடிக் குழாயும்

தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் முறையைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஆரணியில் உட்கார்ந்துகொண்டு இது எதுக்குன்னு கேட்பீங்க. நியாயம்தான். குடியிருக்கும் அறையின் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர வரையறை. நம்ம ஊர்த் தளம் போட்ட வீட்டில், கோடை மதியத்தில் எந்தக் குழாயும் இல்லாமலே தரை அதைத் தாண்டிவிடும்.

ஆனால் அதே குழாயில் குளிர்ந்த நீரையும் விடலாம். ஹைதராபாத் பக்கத்தில் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் ஒரு கட்டடத்தையே இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி, மறு பாதியில் கான்கிரீட்டுக்குள் குளிர்நீர்க் குழாய். குழாய் போட்ட பாதிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகப் பிடித்தது. ஆரணியில் தறியோடு வீடு கட்டும் சொந்தக்காரர் ஒருத்தர் இதைக் கேள்விப்பட்டு, "நம்ம தறி ரூமுக்கும் போட்டுடலாமா?" என்றார்.

முதலில் வேகத்தைப் பார்க்கணும். 7 சென்டிமீட்டர் கான்கிரீட் என்றால் சதுர மீட்டருக்கு 160 கிலோ. அதை ஒரு டிகிரி இறக்கச் சுமார் 40 வாட்-மணி ஆற்றலை வெளியே எடுக்க வேண்டும். குளிர்தரையால் இழுக்க முடிவதோ சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட்தான். ஆக, ஒரு டிகிரிக்கு ஒரு மணி நேரம். மெல்லிய அலுமினியத் தகடு வைத்த அமைப்புகள் இதைவிடச் சுறுசுறுப்பானவை. குளிர்நாட்டில் காலையில் எழுந்ததும் சூடு வேண்டும் என்பவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அடுத்தது வியர்வை. நமக்கு உதைப்பது இங்கேதான். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். ஐப்பசியில் 22 டிகிரித் தரை வைத்தால் துணியால் துடைத்துக்கொண்டேதான் இருக்கணும். அதுவும் பட்டும் ஜரிகையும் இருக்கிற அறையில்!

இத்தனைக்கும் தறிக்குழியே ஒரு தரைக் குளிர்ச்சி அமைப்புதான். வெயிலின் பகல்-இரவு ஏற்றத்தாழ்வு மண்ணுக்குள் இறங்க இறங்க மங்கிக்கொண்டே போகும். இரண்டடி ஆழத்தில் கிட்டத்தட்ட இருக்காது. மிதிக்கட்டையில் கால் வைத்து உட்காருகிறவருக்கு மதியம் 2 மணிக்கும் குழிச் சுவர் விடிகாலை மாதிரியே இருக்கும். குழியின் ஈரம் பாவுக்கும் வேண்டும். 65 சதவீத ஈரப்பதத்தில் பட்டு, தன் உலர்ந்த எடையில் சுமார் 11 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்தால் இழை முறுகி அறும். அறுந்த ஒவ்வொரு இழையையும் கையால்தான் பிணைக்கணும்.

குழியின் பலவீனம் மழை. தண்ணீர் ஊறிவிட்டால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அதனால்தான் பலர் குழியை மூடிவிட்டு, தரைக்கு மேலே நிற்கும் சட்டத் தறிக்கு மாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சொந்தக்காரருக்கு நான் சொன்னது: குழாய் வேண்டாம். அந்தக் காசைப் பேஸ்மட்டத்தில் போடுங்க. குழி இரண்டரை அடி என்றால் பேஸ்மட்டம் தெருவிலிருந்து மூன்றரை அடி. அப்போது குழியின் அடி தெருவுக்கு ஓரடி மேலே நிற்கும், தெருத் தண்ணீர் எட்டாது. சுற்றிலும் நிரப்பும் மண் வெப்ப ஏற்றத்தாழ்வை அப்படியே தாங்கும். ஊற்று ஈரம் மட்டும் குறையும். கோடையில் நனைத்த சாக்கைக் குழிக்குள் விரிக்க வேண்டியிருக்கும். சூடு பெரும்பாலும் மேலேயிருந்து வருவதால், மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு. மின்விசிறியைப் பாவுக்கு நேராக மாட்டாமல், நெய்கிறவர் முதுகுப்பக்கம் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.